பிஞ்சுக்கு நீட்டிய விரல்

சந்தனம்மாளின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி தளர்ந்திருந்தது. வீரணன் குனிந்து முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார். ஜீப்பின் மேல் மூட்டைகளை வரிந்து கட்டிப் பழகிய கைக்கு இந்தச் சின்ன முடிச்சு பிடிபடவில்லை. மனைவியின் கால் சில்லிட்டிருந்தது. தலைமாட்டில் இருந்த சுருளியம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த தெருவுக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"பிஞ்சுக்கு நேரா வெரலக் காட்ட விடாதீக டீச்சர்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே! கேட்டாகளா?"

சுருளியம்மாள் பால்வாடி ஆயா. சந்தனம்மாள் அங்கே பத்தொன்பது வருடம் டீச்சர். ஒரே அடுப்பில் சத்துமாவு கிண்டிய இருவரும் ஒரு நாளாவது ஒத்துப்போயிருக்க வேண்டுமே! கடைசிச் சண்டை பூசணியால் வந்தது. பிள்ளைகள் வேலியோரம் ஊன்றிய விதை கொடியாகிப் படர்ந்து, முதல் பிஞ்சு போன வாரம் அழுகி விழுந்தது. யாரோ விரல் காட்டியதால்தான் என்றாள் ஆயா. அந்த யாரோ பால்வாடிப் பிள்ளை ரெஹானாதான் என்று பெயரையும் சொல்லிவிட்டாள். ஐப்பசி மழையில் தேனீ வரவில்லை, ஆண் பூவும் பெண் பூவும் சேரவில்லை, அவ்வளவுதான் என்றாள் டீச்சர். அடுத்த பெண் பூ விரியும்போது தானே மகரந்தம் தொட்டு வைப்பதாகவும், பிறகு இருபத்திரண்டு பிள்ளைகளும் வரிசையாக நின்று விரலை நீட்டட்டும், அழுகுகிறதா பார்ப்போம் என்றும் சவால் விட்டாள்.

அந்தப் பூ இன்றைக்கு விரிய வேண்டும். நேற்றுக் காலை டீயை ஆற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: "ஒரே ஒரு காலைக்குத்தேன் தெறந்திருக்கும்ங்க. வெயில் ஏறுனா மூடிக்கிரும். பெறகு தெறக்கவே தெறக்காது." ஜீப்பின் பின்டயரை நினைத்துக்கொண்டே வீரணன் உம் கொட்டினார். சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாள்.

மணி எட்டரை ஆனது. நிலோபர் தன் மகள் ரெஹானாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஐந்து வயதுப் பிள்ளை டீச்சரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. வலது கையை இறுக்கி மூடி முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தது.

"என்னத்தா கையில?" என்று கேட்டார் வீரணன்.

"ஒண்ணுமில்ல டிரைவர் மாமா." அப்புறம் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டது. "நான் வெரலக் காட்டுனதாலயா டீச்சர் செத்துப்போனாக?"

நிலோபர் பதறி மகளின் வாயைப் பொத்தினாள். அதுவரை ஓயாத சுருளியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். இந்தப் பழியைத் தூக்கிக்கொண்டா இந்தப் பிள்ளை வளர வேண்டும்? வீரணன் விருட்டென்று எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வாத்தா, பூவப் பாத்துட்டு வருவோம்."

புதிதாக வாங்கிய செல்போனில் சொந்தக்காரர்களுக்குச் சாவு சொல்லிக்கொண்டிருந்த மைத்துனன் ஞானசிகாமணி குறுக்கே வந்தான். "மச்சான், அக்காவக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணி எடுக்க ஆள் நிக்கிது. பொணத்தப் போட்டுட்டு எங்கன போறீக? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். ஒங்கக்கா வேல ஒண்ணு பாக்கி கெடக்கு. பத்து நிமிசத்துல வந்துர்றேன்."

பால்வாடி வேலியில் நாலைந்து பூ விரிந்து கிடந்தது. வீரணன் இருப்பதிலேயே பெரிய பூவைப் பறிக்கக் கையைக் கொண்டுபோனார்.

"ஐயோ, அதப் பிச்சுராதீக மாமா! அடியில குட்டி உருண்ட இருக்குல்ல, அது பொட்டப் பூ. அதுதேன் காய்க்கும். நெட்டக் காம்பா இருக்குல்ல, அந்த ஆம்பளப் பூவப் பிய்ங்க."

"சரிங்க டீச்சர்," என்றார்.

நெட்டைக் காம்புப் பூவைப் பறித்து, பிள்ளை சொன்னபடி இதழ்களை உரித்து, நடுவிலிருந்த மஞ்சள் தண்டைப் பெண் பூவுக்குள் வைத்துத் தேய்த்தார்.

"மெதுவா, மெதுவா. பாப்பாவுக்குப் பவுடர் போடுறாப்புல."

அப்படியே சந்தனம்மாளின் பேச்சு, அதே இழுவை. நேற்றிலிருந்து வராத அழுகை வந்துவிட்டது. வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். ரெஹானா அவர் முடிக்கும்வரை காத்திருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப வெரலக் காட்டு," என்றார்.

"மாட்டேன்."

"இந்தா, நான் காட்டிட்டேன். எனக்கு என்ன ஆச்சு?"

"ஒங்களுக்குத்தேன் டீச்சர் இல்லாமப் போயிட்டாகள்ல."

வீரணனுக்கு டிரைவர் புத்தி கைகொடுத்தது.

"ஏத்தா, மாமா ஜீப்பு கம்பம்மெட்டு ஏறயில நீ கீழருந்து வெரலக் காட்டுனா வண்டி நின்னுருமா?"

"நிக்காது."

"டீசல் கொழாய் அடச்சுக்கிட்டா?"

"நின்னுரும்."

"டீச்சருக்கு நெஞ்சுல ரத்தம் போற கொழாய் அடச்சுப்போச்சு. அம்புட்டுத்தேன்."

பிள்ளை யோசித்தது. கை திறக்கவில்லை. "இது அழுகலேன்னா நம்புறேன்," என்று கறாராகச் சொன்னது.

"அழுகாது. ஒங்க டீச்சர் சொன்னா சொன்னதுதேன்."

வீட்டுக்குத் திரும்பி வாய்க்கரிசி போடக் குனிந்தபோது அவர் விரலிடுக்கில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது. துடைக்காமல் அரிசியோடு சேர்த்தே போட்டார்.

அன்றிலிருந்து அவர் ஜீப்பைத் தொடவில்லை. தினமும் காலையில் பால்வாடி வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பூ வாடி உதிர்ந்தது, பிஞ்சு நின்றுகொண்டது. ஐந்தாம் நாள் எலுமிச்சை அளவு, பத்தாம் நாள் தேங்காய் அளவு.

கருமாதியன்று காலையில் போனபோது வேலியடியில் சின்னக் குடம் அளவுக்குக் காய் உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் ஒரு சும்மாடு. குழாயடியிலிருந்து தண்ணீர்க் குடம் சுமக்கத் தலையில் வைக்கிற அந்தப் பச்சைக்கோட்டுச் சும்மாடு யாருடையது என்று தெருவுக்கே தெரியும். சுருளியம்மாள் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"ஈரத் தரை. அடி அழுகிரும்ல."

பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். முதலில் ரெஹானா வந்தது. மூடிய கையைத் திறந்து விரலை நீட்டியது. அப்படியே கொண்டுபோய்க் காயின் மேல் வைத்தது.

"மாமா, சூடா இருக்கு," என்றது.

வெயில் வேலியைத் தாண்டி வந்திருந்தது. வீரணன் குனிந்து, தானும் கையை வைத்துப் பார்த்தார்.