கூலிக்கு வந்த தேவதை

வாரநாட்களில் துணிக்கடையில் பில் போடுவாள். ஞாயிறானால் பிறந்தநாள் விழாக்களில் தேவதை. முதுகில் வலைத்துணி இறக்கை, கையில் ஜிகினா ஒட்டிய கோல். பிள்ளைகளுக்கு அவள் தேவதையக்கா.

அன்றைய வீடு எட்டாவது மாடியில். அவள் படுக்கையறையில் இறக்கையை மாட்டிக்கொண்டிருந்தபோது, பிறந்தநாள்காரியின் அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"ஒரு சின்ன உதவி. என் பொண்ணு சரியான முரடு. அவ பெரியப்பா ஆசையா முத்தம் கேட்டா, எல்லார் முன்னாடியும் மூஞ்சியைத் திருப்பிக்கிறா. மானம் போகுது. நல்ல பொண்ணுங்க அப்படிப் பண்ண மாட்டாங்கன்னு சொல்லுங்க. தேவதை சொன்னா கேப்பா."

"அதை மட்டும் சொல்ல மாட்டேங்க. வேற கதை சொல்றேன்."

கூடத்தில் பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரியப்பா சோபாவில் கால்மேல் கால் போட்டிருந்தார். அவள் கதையை ஆரம்பித்தாள்.

ஆற்றில் குளித்த ஒரு தேவதையின் இறக்கையை ஒருவன் ஒளித்துவைத்தான். பறக்க வழியில்லாமல் அவனோடு போனாள். கொடுத்துவைத்தவள் என்றது ஊர். பல வருஷம் கழித்து இறக்கை பரணில் அகப்பட்டது. மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"அவன் அழுதானா?" என்றான் ஒரு பொடியன்.

"அழுதிருப்பான். அவ திரும்பிப் பாக்கலை."

"பிடிக்கலைன்னு அவ முதல்லயே சொல்லலையா?" என்று கேட்டாள் பிறந்தநாள்காரி.

"சொன்னா. யாரும் காதுல போட்டுக்கலை. நீ சொன்னா நான் கேப்பேன்."

கேக் வெட்டியதும் பெரியப்பா கைகளை நீட்டினார். "வாடா தங்கம், ஒரு முத்தம் குடு."

"வேண்டாம் பெரியப்பா."

அவர் சிரித்தபடியே அவள் கையைப் பிடித்து இழுத்தார். தேவதை குறுக்கே வந்து நின்றாள். இறக்கை அவர் மூக்குக் கண்ணாடியில் உரசியது.

"வேண்டாம்னு சொல்லிட்டா சார்."

"கூலிக்கு வந்தவ எனக்குப் புத்தி சொல்றியா?" என்றார் அவர். பிடியை விடவில்லை.

அம்மா தேவதையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி வந்து, மகளின் கையை அவரிடமிருந்து விடுவித்தாள்.

"விடுங்க. அவளுக்கு இஷ்டமில்லை."

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதே, அவளை விழாக்களுக்கு அனுப்பும் கம்பெனியின் முதலாளி போனில் பிடித்துக்கொண்டார். பெரியப்பா முந்திக்கொண்டு அவரிடம் புகார் சொல்லியிருந்தார்.

"மேல போய் மன்னிப்புக் கேளு. இல்லைன்னா இனிமே வராதே."

"வரலை சார்."

கீழே இறங்கித் தெருவுக்கு வந்தாள். பசித்தது, கேக்கில் ஒரு துண்டுகூடச் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் பயமாகவும் இருந்தது. ஆனால் மறுபடி அந்த மாடிக்கு ஏறும் எண்ணம் மட்டும் வரவேயில்லை.