ஆறுனா வந்துடும்

"இன்னொரு கை புடிங்கப்பா, இது நவுந்தாத்தான் பாடை கட்ட எடம்!"

ஆறு பேர் தோள் கொடுத்தும் எல்லப்பனின் வெள்ளை டாக்சி ஒரு முழத்துக்கு மேல் நகரவில்லை. ஸ்டியரிங் பூட்டிக்கொண்டு, முன்சக்கரம் சாக்கடைப் பக்கமாகவே திரும்பி நின்றது. நேற்று சாயங்காலம் தூக்கு வண்டிக்காரன் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனது. செத்தவரின் வண்டி செத்தவர் போக வழிவிடாமல் மறித்துக்கொண்டு நின்றது.

"சாவி எங்கப்பா?"

"அண்ணன் சட்டப் பையில போட்டுகினாரு" என்றார் நரசிம்மன் தரையைப் பார்த்தபடி. எல்லப்பனின் தம்பி. பூஞ்சேரி கூட்டுரோட்டில் இருபத்தைந்து வருஷமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறவர். ஆண்பிள்ளை இல்லாத அண்ணனுக்கு இன்றைக்குக் கொள்ளி வைக்கப்போகிறவரும் அவர்தான்.

எல்லப்பனின் மகள் தமிழ்ச்செல்வி உள்ளே போனாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை பீரோ மேல் இருந்தது. சட்டை, வாட்ச், சாவி. அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் மாலையோடு படுத்திருக்க, அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களைத் தாண்டி வந்து, கதவைத் திறந்து, நேராக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். இருபத்தாறு வயதில் அந்த இருக்கையில் அவள் உட்காருவது இதுதான் முதல் தடவை.

"நீ எறங்கும்மா, ஆம்பளைங்க யாராச்சும் ஒக்காரட்டும்."

"தள்ளுங்க" என்றாள்.

தள்ளினார்கள். வளைத்துக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். கைப்பிரேக்கை இழுத்துவிட்டுச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை.

வடகடம்பாடியில் தமிழ்ச்செல்வி என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால், "செங்கல்பட்டுல ஏதோ கார் கம்பெனில கம்ப்யூட்டர் வேல" என்பார்கள். வீட்டில் சொல்லி வைத்தது அப்படி. உண்மையில் அவள் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு சர்வீஸ் சென்டரில், மற்றவர்கள் கைவிட்ட வண்டிகளுக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்கிறவள். கேளம்பாக்கத்திலிருந்தும் கல்பாக்கத்திலிருந்தும் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டு வண்டி அனுப்புகிறார்கள். உள்ளூர் மாடுதான் விலை போகாதே! பெற்ற தகப்பன் தன் வண்டியின் பானெட்டை அவள் தொட விட்டதில்லை.

அந்த வண்டி ஆறு மாதமாக ஒரே வியாதியில் கிடந்தது. நன்றாக ஓடும், சூடேறினால் பட்டென்று நின்றுவிடும். இருபது நிமிஷம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். நரசிம்மன் முதலில் டீசல் ஃபில்டரை மாற்றினார். பிறகு சென்சார், பிறகு பம்பு, பிறகு ரிலே. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் ஓடும், மறுபடி நிற்கும். கடைசியில் அண்ணனும் தம்பியும் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் ஈ.சி.எம். என்று ஓர் அலுமினியப் பெட்டி இருக்கிறதே, இன்ஜினுக்கு எப்போது எவ்வளவு டீசல் என்று சொல்லுகிற மூளை, அதன் மேல் ஈரத்துண்டைப் போட்டால் இன்னும் சீக்கிரம் ஆறும். அதிலிருந்து எல்லப்பன் துண்டும் தண்ணீர்க் கேனும் இல்லாமல் சவாரிக்குப் போனதில்லை.

பெட்டியைக் குளிர வைத்தால் வண்டி வருகிறது என்று கண்டுபிடித்த இரண்டு மகா மேதைகளுக்கும், கெட்டது பெட்டிதான் என்று மட்டும் தோன்றவில்லை. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல!

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லப்பன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவள் வண்டியின் கோளாறைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டாள். இன்ஜினை ஓடவிட்டு, தன் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து அந்தப் பெட்டிக்குச் சூடு காட்டினாள். நாலாவது நிமிஷம் இன்ஜின் செத்தது. அந்த நொடியில் ஸ்கேனருக்கு பிரேக் பதில் சொன்னது, மீட்டர் பதில் சொன்னது, ஈ.சி.எம். மட்டும் வாயைத் திறக்கவில்லை. பெட்டிக்கு வருகிற கரண்ட்டும் எர்த்தும் சரியாக இருந்தன. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த எல்லப்பன் ஹேர் டிரையரைப் பார்த்தார். அப்போது நரசிம்மனும் டீ குடிக்க வந்திருந்தார்.

"நரசிம்மா, இங்க வந்து பாருடா, என் பொண்ணு வண்டிக்குச் சீவி சிங்காரிச்சிகினு கீது!"

"நைனா, ஈ.சி.எம். போயிட்ச்சி. உள்ள எங்கியோ பத்தவெச்ச ஈயம் வுட்டுருக்கு. சூடானா தொடுப்பு அறுந்துடுது. மாத்திடலாம்."

நரசிம்மன் சிரித்தார். "போம்மா. அதுக்குள்ள இன்னா ஓடற சாமானா கீது, தேயறதுக்கு? மூடி வெச்ச பொட்டி அது. பொட்டி எங்கியாவது கெட்டுப்போவுமா?"

"அப்ப ஏன் சித்தப்பா ஈரத்துணி போட்டா வருது?"

நரசிம்மன் அண்ணன் பக்கம் திரும்பினார். பதில் இல்லாதபோது ஆண்கள் செய்வதை எல்லப்பன் செய்தார், குரலை உயர்த்தினார். "முப்பது வருஷமா ஓட்டிகினு கீறேன். எனுக்கு நீ சொல்லித்தர வேணாம். என் வண்டில பொம்பள கை படக்கூடாது. நான் போனப்புறம் இன்னா வேணா பண்ணிக்கோ."

தெருவில் நாலு பேர் நின்று கேட்டார்கள். தமிழ்ச்செல்வி ஹேர் டிரையரின் வயரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். ஆனாலும் அடுத்த வாரமே அதே நம்பர் பெட்டி ஒன்றை வாங்கி வந்து பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். மாற்ற முக்கால் மணி நேரம் போதும். அவர் தூங்கும்போதே மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. என்றைக்காவது ஒருநாள் நடுரோட்டில் நொந்துபோய், தானாக வந்து கேட்பார், அப்போது எடுத்து நீட்டலாம் என்று இரண்டு மாதம் காத்திருந்தாள். வீம்பில் அவளும் எல்லப்பன் மகள்தானே.

நேற்றுக் காலை அவர் திருவிடந்தைக்கு ஒரு கல்யாணப் பிரார்த்தனை கோஷ்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும்போதே மார் பிசைந்திருக்கிறது. கேஸ் என்று சோடா குடித்தார். வலி நிற்கவில்லை. "செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போயி ஒரு ஊசி போட்டுகினு வந்துடலாம்" என்று தம்பியை ஏற்றிக்கொண்டு, தானேதான் ஓட்டிக்கொண்டு கிளம்பினார். திருக்கழுக்குன்றம் தாண்டி மூன்றாவது கிலோமீட்டரில் வண்டி நின்றது.

பதினொன்று ஐந்துக்கு நரசிம்மன் போன் செய்தார். "செல்வி, வண்டி நின்னுகீது. நைனாவுக்கு வேர்த்துக் கொட்டுது. ஒண்ணும் பயமில்ல, துண்டு போட்டுகீறேன். ஆறுனா வந்துடும்."

"அய்யோ சித்தப்பா, வண்டிய வுடு! பஸ்ஸ நிறுத்து, எதுனா ஒரு வண்டிய மடக்கு!"

"இருபது நிமிஷம்தான்மா. நைனாவும் அதான் சொல்றாரு."

நூற்றியெட்டுக்கு அவள்தான் கூப்பிட்டாள். கூட வேலை செய்கிற ஜெஸ்ஸியின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து பறந்தாள். அவளும் ஆம்புலன்சும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குள் இரண்டு பஸ்ஸும் ஒரு ஷேர் ஆட்டோவும் அந்த வழியாகப் போயிருந்தன. எல்லப்பன் ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்திருந்தார். நரசிம்மன் பானெட்டுக்கு அடியில் குனிந்து கேனிலிருந்து துண்டின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வண்டி ஆறுவதற்குள் அண்ணன் ஆறிவிட்டது அவருக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். மேளம் முன்னால் போக, நரசிம்மன் நெருப்புச் சட்டியோடு நடந்தார். தெருமுனை வரை பெண்கள் போனார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு வழி இல்லை. திரும்பி வந்து வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். தமிழ்ச்செல்வி புடவைகளுக்கு அடியிலிருந்து அட்டைப் பெட்டியை எடுத்தாள். ஸ்கேனர் பையையும் ஸ்பானரையும் எடுத்தாள்.

"இன்னாடி இது?" என்றாள் நரசிம்மன் பெண்டாட்டி துர்காதேவி. "பொணம் இன்னும் சுடுகாடு போய்ச் சேரல. தல முழுவாம வண்டிய நோண்டப் போறியா? பாக்கறவங்க இன்னா பேசுவாங்க?"

"பேசட்டும் சித்தி."

பானெட்டைத் திறந்தாள். அலுமினியப் பெட்டியின் மேல் துண்டு அப்படியே கிடந்தது, காய்ந்து விறைத்து அப்பளம்போல். எடுத்து நாலாக மடித்து வைப்பர் மேல் வைத்தாள். பேட்டரி வயரைக் கழற்றினாள். பெட்டியின் இரண்டு பெரிய சாக்கெட்டுகளை நெம்பி விடுவித்தாள். நாலு போல்ட். பழையது கையோடு வந்துவிட்டது. இவ்வளவுதான். இவ்வளவே இவ்வளவுதான்.

அம்மா முனியம்மா பக்கத்தில் வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது. ஈரப் புடவை, குங்குமம் அழிந்த நெற்றி.

"இத்த மாத்துனா ஓடுமா?"

"தெரில."

"உனுக்குத் தெரியும்." முனியம்மா வண்டியின் மேல் கை வைத்துக்கொண்டாள். "ஓடலன்னா விதின்னு கெடப்பேன். ஓடிட்ச்சின்னா நான் யார நோவறது? அந்தாளயா, கொழுந்தனாரயா, உன்னியா? வுடேண்டி."

தமிழ்ச்செல்விக்கும் அதே கணக்குத்தான் நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது. இது ஓடாவிட்டால் அவள் சொன்னது தப்பு. சித்தப்பா மேல் குற்றமில்லை, புடவைக்கு அடியில் ஒளித்து வைத்த தன் மேலும் குற்றமில்லை. எத்தனையோ வண்டிகளில் தன் கணிப்பு சரியாக இருக்கவேண்டும் என்று சாமியை வேண்டியிருக்கிறாள். தப்பாக இருக்கவேண்டும் என்று வேண்டியது இன்றைக்குத்தான்.

ஆனாலும் கையை நிறுத்த முடியவில்லை. தெரியாமல் இருப்பது அதைவிடப் பெரிய நரகம். புதுப் பெட்டியை உட்கார வைத்து, சாக்கெட்டுகளை அழுத்தி, பேட்டரி வயரைத் திரும்பப் பூட்டி, ஸ்கேனரை மாட்டி, வண்டியின் எண்ணை அதில் எழுதினாள். சாவியையும் அதற்கு அடையாளம் காட்டினாள். திரையில் எல்லாம் பச்சை. வேலை முடிய முப்பத்தெட்டு நிமிஷம் ஆகியிருந்தது.

இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். பாவி வண்டி, ஒரே சுற்றில் எடுத்துக்கொண்டது.

முனியம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கிளம்பினால் போதாது. சூடாகவேண்டும். தமிழ்ச்செல்வி பானெட்டை மூடி, ஏசியை முழுசாக வைத்து, ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்தாள். சூட்டுமுள் மெல்ல ஏறி நடுவில் வந்து நின்றது. பத்து நிமிஷம். பதினைந்து. நில்லேன், சனியனே, நின்னு தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள். இருபது. இருபத்தைந்து. பானெட்டைத் தொட்டால் சுடும், அவ்வளவு கொதி. இன்ஜின் ஒரு தடவைகூட இருமவில்லை.

வெயில் சாயும்போது ஆண்கள் திரும்பினார்கள், பம்புசெட்டில் குளித்த ஈர வேட்டியோடு. நரசிம்மன் மொட்டையும் மீசையில்லாத முகமுமாய் கடைசியில் வந்தார். தெரு திரும்பியதும் அவர் காதில் அந்தச் சத்தம் விழுந்திருக்கவேண்டும். இருபத்தைந்து வருஷம் கேட்ட காது அல்லவா. நடை தடுமாறியது.

"யாருப்பா வண்டிய எடுத்தது?" என்றார் கூட வந்தவர். "அட, வந்துட்ச்சே!"

நரசிம்மன் வேப்பமரத்தடிக்கு வந்தார். வைப்பர் மேல் மடித்து வைத்த துண்டைப் பார்த்தார். தரையில் கிடந்த பழைய பெட்டியைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் மகளைப் பார்த்தார்.

"எவ்ளோ நேரமா ஓடுது?"

"நாப்பது நிமிஷம் சித்தப்பா."

அவர் திரும்பி வாசலுக்குப் போனார். சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் கால் கழுவ ஒரு வாளி தண்ணீரும் சொம்பும் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டு, விளக்கைப் பார்க்க உள்ளே போனார்கள். நரசிம்மன் குனிந்து ஒரு சொம்பு ஊற்றினார். இன்னொன்று ஊற்றினார். வாளி பாதியானது. சொம்பு வாளியின் அடியில் இடித்தது. அப்போதும் குனிந்தபடியே வழித்து வழித்துத் தன் காலில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

தமிழ்ச்செல்வி வண்டியை அணைக்கவில்லை.