வலிக்காத இடம்

“ஏழாவது இன்னிங்ஸோட அவள எடுத்துடணும். அதுக்கு மேல தாங்கமாட்டா.”

“அவள எடுத்துட்டு யார நம்பறது? உன் மச்சானையா?”

“என் மச்சான் எறிஞ்சா பந்து அடுத்த ஊர் வரைக்கும் போகும்யா. மட்டைக்காரன் நிக்கிற பக்கம் மட்டும்தான் போகாது.”

ஐஸ் தொழிற்சாலை வாசலில் வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டிருந்தது சாந்தா இசபெல் சர்க்கரை ஆலையின் பேஸ்பால் அணியைப் பற்றி. அணிக்குப் பந்தெறிகிறவன் எவேலியோ ஓரோஸ்கோ. அவர்கள் ‘அவள்’ என்றது அவன் மனைவி நெரெய்தாவை. எவேலியோ எறியும் பந்துகளின் களைப்பும் வலியும் அவனிடம் தங்குவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளாக அவை நெரெய்தாவின் வலது கையில் இறங்கிக்கொண்டிருந்தன. இன்று ரொட்டி வண்டி வந்ததா இல்லையா என்று கேட்கிற அதே குரலில்தான் வரிசையில் இதையும் பேசினார்கள்.

முதல் ஒன்பது ஆண்டுகள் இது யாருக்கும் தெரியாது. மற்ற ஊர்களில் ஓர் ஆட்டம் எறிந்தவன் நான்கு நாள் கையைத் தொட்டிலில் போட்டதுபோல வைத்திருப்பான். எவேலியோ ஞாயிற்றுக்கிழமை ஒன்பது இன்னிங்ஸ் முழுக்க எறிந்துவிட்டு, திங்களன்று ஆலைக் கொப்பரையில் வேலை பார்த்துவிட்டு, செவ்வாயன்று மறுபடி எறிய வந்து நிற்பான். பயிற்சியாளர் அன்செல்மோ அதைக் கரும்புச்சாற்றின் மகிமை என்று நம்பி அணி முழுவதற்கும் வாளிவாளியாகக் குடிக்கக் கொடுத்தார். பலனாக இரண்டு பேருக்கு வயிறு கெட்டது. ஆலையில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த நெரெய்தாவால் திங்கட்கிழமை காலைகளில் காப்பிப் பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை. அவள் ஊசியைக் குறை சொன்னாள். மைதானத்தில், புதுப்பெண்ணாக வந்து உட்கார்ந்த நாள் முதல் ஆட்டத்தின் மூன்றாம் தளத்துக்குப் பின்னால், பார்வையாளர்களின் மூன்றாவது வரிசையில் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. ஒரே ஒருமுறை தங்கையின் கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தாள். அன்று எவேலியோ இரண்டாவது இன்னிங்ஸிலேயே கை தொங்கி வெளியேறினான். அதை வெயில் என்று எழுதிக்கொண்டார்கள்.

பத்தாவது ஆண்டில் துறைமுக அணியிடம் ஐந்து ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றார்கள். வளைபந்து வரும்போது துறைமுகக்காரர்கள் வளைவுக்குக் காத்திருந்தார்கள், வேகப்பந்து வரும்போது வேகத்துக்கு. பந்து பிடிக்கிற ரிகோபெர்த்தோ குந்தி உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே விரல்களைக் காட்டித்தான் எந்தப் பந்து என்று எவேலியோவுக்குச் சொல்வான். அந்தச் சைகையை யாரோ திருடி எதிராளிக்குத் தெரியப்படுத்துகிறார்கள் என்று ஐஸ் வரிசை ஒருமனதாக முடிவு செய்தது. அந்த வரிசை ஒருமனதாக முடிவு செய்த ஒரே விஷயம் அதுதான். சைகை அதில் பிரதிபலிக்கலாம் என்று மருந்துக்கடைக் கண்ணாடிக்குக் கறுப்புச் சாயம் அடித்தார்கள். மைதானத்துக்கு அப்பால் நின்ற மாமரத்தை, அதில் எவனோ தொலைநோக்கியோடு உட்காரலாம் என்று வெட்டினார்கள். ரிகோபெர்த்தோவின் சித்தி மகள் துறைமுகத்தில் வாழ்க்கைப்பட்டிருந்ததால் ஒரு மாதம் அவன் வீட்டாரோடு யாரும் பேசவில்லை. கடைசியில் மனம் வெறுத்துப்போன ரிகோபெர்த்தோ ஓர் ஆட்டம் முழுக்க விரலே காட்டாமல் உட்கார்ந்தான். எவேலியோ தன் இஷ்டப்படி எறிந்தான். பிடிக்கிறவனுக்கே தெரியாத பந்து அடிக்கிறவனுக்குத் தெரிந்திருந்தது. ரிகோபெர்த்தோவுக்கு ஒரு பல் போனது, ஆனால் அவன் மேலிருந்த பழி நீங்கியது.

உண்மையைக் கண்டுபிடித்தவர் ஐஸ் அறுக்கும் கிரெசென்சியோ. எறியப்படும் ஒவ்வொரு பந்தையும் அட்டையில் குறித்துவைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. ஒருநாள் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு நெரெய்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எவேலியோ கையுறைக்குள் பந்தைப் பற்றும்போதே அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டால் வளைபந்து, தோளைப் பிடித்தால் வேகப்பந்து, விரல்களை உதறினால் மெதுவான பந்து. முப்பத்தொரு பந்து, முப்பத்தொன்றும் சரி. பதினைந்தடி தள்ளி, மூன்றாம் தளத்தருகே நின்று தன் மட்டைக்காரர்களுக்குச் சைகை காட்டும் துறைமுகத்தின் தள உதவியாளர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, நெரெய்தாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கிரெசென்சியோ வரிசையில் இதைச் சொன்னபோது யாரும் பெரிதாக வியக்கவில்லை. புதன்கிழமைக்கான ஆலைச் சங்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமையே ஊதிய ஊர் அது. தனக்குப் புருஷன் குடிக்கிற ரம்மின் தலைவலி மட்டும்தான் வருகிறது, நெரெய்தா கொடுத்து வைத்தவள் என்றாள் ஒருத்தி. பிறகு ஐந்து பேர் கூட்டாக நெரெய்தாவின் வீட்டுக்குப் போனார்கள். அவளைத் தூரத்தில் வைத்தால் எவேலியோவால் எறிய முடியாது, பக்கத்தில் வைத்தால் ரகசியம் நிற்காது என்று ஒரு மணி நேரம் வாதாடினார்கள். அவள் கையை அசைக்காமல் உட்கார்ந்து பார்த்தாள், முடியவில்லை. கிரெசென்சியோதான் வழி சொன்னார்.

“வலிக்கும்போது வலிக்காத இடத்தப் பிடிச்சுக்கோம்மா. வேற ஒண்ணும் செய்யவேணாம்.”

ஒரே வாரத்தில் அவள் அதைக் கற்றுக்கொண்டாள். முழங்கை எரிந்தால் தோளைப் பிடித்தாள், தோள் கழன்றால் விரல்களை உதறினாள். நடுவே எத்தனை முறை உண்மையைக் கலக்க வேண்டும் என்று கிரெசென்சியோ அட்டையில் எழுதிக் கொடுத்தார். துறைமுகக்காரர்கள் எது மெய் எது பொய் என்று தெரியாமல் காற்றை அடித்தார்கள். மூன்று ஆண்டுகள் சாந்தா இசபெல் வென்றது. அறுபடும் முதல் ஐஸ் கட்டி அவள் வீட்டுக்குப் போனது. எவேலியோ நல்லவன், தினமும் அவள் கைக்குத் தைலம் தேய்த்தான், மெதுவாக எறிகிறேன் என்று சத்தியமும் செய்தான். இரண்டாவது இன்னிங்ஸில் அதை மறந்துவிடுவான். தன் கையில் இல்லாத வலியை ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் நினைத்துக்கொண்டிருக்க முடியும்.

நெரெய்தாவுக்கு அந்தப் பழக்கம் விடாமல் ஒட்டிக்கொண்டது. எங்கே வலிக்கிறது என்று மருத்துவர் கேட்டபோது வலிக்காத மணிக்கட்டைக் காட்டினாள். அவரும் ஓராண்டு அந்த மணிக்கட்டுக்கு வைத்தியம் பார்த்தார். கடைசியில் கை முழுவதையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இது அறுபது வயது கரும்பு வெட்டுகிறவரின் முழங்கை, இந்த ஒரு பருவமும் இப்படியே போனால் கை இடுப்புக்கு மேலே எழும்பாது என்றார். அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. செய்தி ஐஸ் வரிசைக்கு வந்தது. அன்றிலிருந்து அவளை எந்த இன்னிங்ஸில் எடுப்பது என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். எடுக்கவே கூடாது என்ற கட்சி கொஞ்சம் பெரியது. அவளை யாரும் கேட்கவில்லை. வரிசையில் அவளும் நின்றிருந்தாள், ஒன்பதாவது ஆளாக, இடது கையில் வாளியோடு.

இறுதி ஆட்டம் துறைமுகத்தோடு, ஞாயிற்றுக்கிழமை மதியம் தொடங்கியது. ஒன்பதாவது இன்னிங்ஸில் சாந்தா இசபெல் ஓர் ஓட்டம் முன்னால் இருந்தது. எதிரணிக்காரர்கள் இரண்டு பேர் தளங்களில் நின்றார்கள், இன்னும் இரண்டு பேரை வெளியேற்ற வேண்டும். நூற்று நாற்பதாவது பந்தை எறிந்துவிட்டு எவேலியோ அப்போதுதான் நன்றாகத் தூங்கி எழுந்தவன்போலக் களைப்பே இல்லாமல் நின்றான். அன்செல்மோ எழுந்து மைதானத்துக்குள் நடந்தார். எறிகிறவனின் மேட்டைத் தாண்டும்போது எவேலியோவைத் திரும்பியும் பார்க்கவில்லை. கம்பித் தடுப்பைச் சிரமப்பட்டு ஏறிக் கடந்து, மூன்றாவது வரிசையில் நெரெய்தாவின் முன்னால் போய் நின்றார். நடுவர் பின்னாலேயே வந்து, இதையும் எறிகிறவரிடம் பயிற்சியாளர் வந்த கணக்கில் சேர்த்து, இரண்டாம் முறை என்று குறித்துக்கொண்டார். துறைமுகத்தவர் உட்பட யாரும் ஆட்சேபிக்கவில்லை.

“கை எப்படிம்மா இருக்கு?” என்றார் அன்செல்மோ, எறிகிறவர்களைக் கேட்கிற அதே குரலில்.

அவளுடைய இடது கை முழங்கையைப் பிடித்திருந்தது. மூன்று ஆண்டுகளில் முதல்முறையாக, அட்டை சொல்லாமலே, வலிக்கும் இடத்திலேயே இருந்தது. துறைமுகத்தின் தள உதவியாளர் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு மட்டைக்காரனுக்குச் சைகை காட்டாமல் தொப்பியைக் கழற்றினார். நெரெய்தா இரண்டு பக்கமும் பார்த்தாள். ஐஸ் வரிசை முழுவதும் அங்கேதான் இருந்தது. கிரெசென்சியோ வேர்க்கடலைப் பொட்டலத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“அவரு எறியட்டும்ணே,” என்றாள். “இந்த இடத்துல வேற யாரையாவது உக்கார வைங்க.”