நல்லையாவின் ரேடியோ

"அதத் தொடாதீங்க பாய்."

ருக்மணி மேசைக்குக் குறுக்கே வந்து நின்றாள். கூடத்தில் அவள் கணவன் நல்லையாவைக் கிடத்தியிருந்தார்கள். துக்கத்துக்கு வந்த பழைய சாமான் கடை சிஹாபுதீன், இறந்தவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேராக இந்த அறைக்குள் நுழைந்து, பாதி கட்டி நின்ற ரேடியோவருகே போனதை அவள் கவனித்துவிட்டாள்.

மெர்டேக்கா, மலாயாவின் சுதந்திர அறிவிப்பைத் தன் கையால் கட்டிய ரேடியோவில் கேட்க வேண்டும் என்பது நல்லையாவின் ஆசை. வால்வுகளும் டிரான்ஸ்பார்மரும் உட்காரும் அடித்தகட்டுக்கு, சேசிக்குத்தான் காஜா பெராங் வீட்டிலிருந்து டவுனுக்கு அத்தனை அலைச்சல். பெரிய கடையில் இருந்த புதிது பளபளத்தது, ஆனால் தகடு மெலிசு. சிஹாபுதீன் கடையில் இருந்தது பட்டாளத்து ரேடியோவில் கழற்றியது. பழசு, நல்ல கனம், விலையும் குறைவு.

"வால்வு போனா மாத்திக்கலாம் ருக்கு. ஸ்பீக்கரும் அப்பிடித்தான். இது சரியில்லேன்னா எல்லாமே போச்சு," என்று சொல்லிக்கொண்டே பழசைத்தான் தூக்கி வந்தார்.

இன்று காலை அதன்மேலேயே கவிழ்ந்து கிடந்தார். டாக்டர் மாரடைப்பு என்றார். ருக்மணியின் அண்ணன் ஜெயபாலன் நம்பவில்லை. "வெரல் கருத்துருக்கு பாரு. கரண்ட் அடிச்சிருக்கு. அந்த பாய் ஓட்ட சாமான தலையில கட்டிட்டான்."

"எத மறைக்கப் பாக்குறீங்க?" என்றாள் இப்போது.

சிஹாபுதீன் திரும்பினார். "மறைக்கல தங்கச்சி. ஒரு தடவ பாத்துக்கிறேன்."

"நானும் பாக்கணும். பெரட்டுங்க."

அவர் சேசியைப் புரட்டினார். கரண்ட் ஒயர் நுழைய வேண்டிய ஓட்டை காலியாக இருந்தது. ஒயர் பிளக்கோடு மேசை மூலையில் சுருண்டு கிடந்தது, கடையில் கட்டிய நூல்கூட அவிழாமல். மேசைக்குக் கீழே, ஈயம் பற்றவைக்கச் சூடேற்றும் கரியடுப்பு. பக்கத்தில் கிடந்த துணியிலும் நல்லையாவின் விரலில் இருந்த அதே கரிக் கருப்பு.

"கரண்டே குடுக்கலயே," என்றாள் மெதுவாக.

சிஹாபுதீன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாந்தான் கொன்னுட்டேனோன்னு பயந்து ஓடியாந்தேம்மா." முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அவளுக்கு அழுகை வரவில்லை.

"ருக்கு, வாய்க்கரிசி போட வா," கூடத்திலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

அவள் நகரவில்லை. கரண்ட் இல்லையென்றால் வேறு எது என்று கண்கள் அறையைச் சுற்றி வந்தன. ஜன்னல், ஸ்டூல், சுவரில் தொங்கிய சட்டை. ஸ்டூலின் மேல், காலையில் அவள் கலந்து வைத்த கோப்பி பாதி குடித்தபடி ஆடை படிந்திருந்தது.

எடுத்து முகர்ந்து பார்த்தாள்.