முதல் முறை சரியாகக் கேட்க வேண்டும்

மகள் வாசித்து அனுப்பிய நாற்பத்தொரு நிமிடப் பதிவை ஒராஸ்பெக் ஏழு மாதமாகக் கேட்காமல் வைத்திருந்தான். அலட்சியத்தால் அல்ல, மரியாதையால். அலட்சியம் என்றாவது ஒருநாள் தெளிந்துவிடும். மரியாதைக்கு மருந்து கிடையாது.

மகள் ஷினார் அஸ்தானாவில் கோபிஸ் படித்தாள். குதிரை முடியை முறுக்கிய இரண்டே தந்திகள். வில்லால் இழுத்தால் தொண்டை அடைத்த மனுஷன் பேசுகிற மாதிரி ஒரு குரல் வரும். டிசம்பரில் அவளுடைய இறுதிக் கச்சேரி. ஒராஸ்பெக் லிஃப்ட் பரிசோதகன். வருஷக் கடைசியில் அல்மாத்தியிலிருக்கும் கிழட்டு லிஃப்டுகளுக்கெல்லாம் சான்றிதழ் போட்டாக வேண்டும், போக முடியவில்லை. அதனால் அவள் நல்ல மைக் வைத்துப் பதிவு செய்து, சுருக்காமல் கொள்ளாமல் பெரிய கோப்பாகவே அனுப்பினாள்.

"கடைசி வரைக்கும் கேளுங்கப்பா. கேட்டுட்டு உள்ளதைச் சொல்லுங்க."

அவள் அம்மா என்றோ பிரிந்துபோய் ஷிம்கெந்தில் வேறு குடும்பமாகிவிட்டாள். ஆசிரியர்கள் எல்லோரையும் புகழ்வார்கள், அது அவர்கள் சம்பளத்தில் சேர்த்தி. ஷினார் நம்பியது ஒரே ஒரு காதைத்தான். கீழ்த்தளத்தில் லிஃப்ட் கிளம்பும்போதே எந்தக் கப்பி தேய்ந்திருக்கிறது என்று ஒன்பதாவது மாடியில் நின்று சொல்லிவிடுகிற காது அது. சின்ன வயதில் அவள் உள்ளே சாதகம் செய்ய, அவன் அடுப்படியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே, "அந்த மூணாவது இடம் பொய், திரும்ப வாசி" என்று குரல் கொடுப்பான். பொய்யாகத்தான் இருக்கும்.

பதிவு வந்த அன்று ஆபீஸ் லேப்டாப்பில் பத்து விநாடி கேட்டான். லேப்டாப்பின் விசிறி சீறியது. சட்டென்று நிறுத்திவிட்டான். இதில் கேட்பது பிள்ளைக்குச் செய்கிற துரோகம் என்று பட்டது. அந்த எண்ணத்தோடு அவன் சும்மா இருந்திருக்கலாம். நேரே அல்மாத்தி தூய ஒலி வட்டத்தில் போய்ச் சேர்ந்தான்.

வட்டத்தில் ஏழு பேர், எல்லோரும் ஸ்பீக்கர் பித்தர்கள். விதிமுறைப் புத்தகம் உண்டு, ரப்பர் முத்திரை உண்டு. தலைவர் மிர்ஸாபெக்குக்கு எழுபத்தொரு வயது; எல்லோருக்கும் அகா, அதாவது அண்ணன். நாற்பது வருஷம் பூமிக்குள் வெடி வைத்து அதன் அதிர்வை அளந்த நிலவியலாளர். அதனால் ஒலியைப் பற்றித் தனக்குத் தெரியாதது பூமிக்கு மேலே எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். வலது காது வெடியிலேயே போய்விட்டது என்று ஒரு பேச்சு உண்டு. யாரும் அவரிடம் கேட்டதில்லை; கேட்டிருந்தாலும் எந்தப் பக்கம் நின்று கேட்பது என்ற சிக்கல் இருந்தது.

அகா வந்து லேப்டாப்பைப் பார்த்தார். செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதுலயா தம்பி?"

"ஆமாங்க அகா. வெறும் கம்ப்யூட்டர்தானே…"

"மக வாசிச்சதை இதுலயா கேக்கப்போற? இதுல மின்சார பில் கட்டலாம். முதல் தடவை கேக்கறது ஒரு தடவைதான்யா வரும். அதைக் கெடுத்துட்டா ரெண்டாவது தடவைன்னு ஒண்ணு கிடையாது."

அந்த வாக்கியம் ஒராஸ்பெக்கின் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. நல்ல வாக்கியங்களின் கெடுதல் அதுதான். உண்மையா என்று யாரும் தட்டிப் பார்ப்பதில்லை.

ஜனவரி முழுக்க, பாட்டைத் தவிர வேறெதுவும் செய்யாத ஒரு கணினியைத் தேடுவதில் போயிற்று. விசிறி இருக்கக் கூடாது, திரை இருக்கக் கூடாது, வைஃபை இருக்கவே கூடாது. கடைசியில் செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. அதில் விண்டோஸா லினக்ஸா என்பதில் வட்டம் இரண்டாகப் பிளந்து, மூன்று வாரம் பேசாமல் இருந்தது. பிப்ரவரியில் டேக். கணினியில் எண்களாகக் கிடப்பதை ஒலியாக மாற்றித் தருகிற பெட்டி அது. வட்டத்துப் பல் டாக்டர் வலேரி பாக் ஒரு டேக்கைச் சொன்னார், அகா இன்னொன்றைச் சொன்னார். இரண்டும் ஒரே தொழிற்சாலையில் செய்தவை என்று பிற்பாடு தெரிந்தபோது, அந்தத் தொழிற்சாலையையே இருவரும் திட்டினார்கள்.

"அகா, ஒரு சந்தேகம்," என்றான் ஒராஸ்பெக் ஒருநாள், யு.எஸ்.பி. கேபிளை மாற்றச் சொன்னபோது. "உள்ள போறது எண்தானே? எந்த ஒயர்ல போனா என்ன, எண் எண்தானே?"

"எண் எண்தான்," அகா கண்ணை மூடிக்கொண்டார். "ஆனா எந்த மனநிலையில வந்து சேருதுன்னு ஒண்ணு இருக்கு."

கேபிள் மாற்றப்பட்டது.

ஞாயிறுதோறும் ஷினார் கூப்பிடுவாள்.

"கேட்டீங்களாப்பா?"

"டேக் வந்திருச்சும்மா. ஆம்ப்ளிஃபயர் மட்டும் பாக்கி. அடுத்த வாரம்."

"சரிப்பா."

மேல் மாடியில் குடியிருந்த அவன் அக்கா பிபிகுல், பொரித்த மாவுருண்டைத் தட்டோடு இறங்கி வருவாள். வேதியியல் ஆசிரியை, எதையும் காய்ச்சிப் பார்க்காமல் நம்பமாட்டாள்.

"டேய் ஒராஸ், அந்தப் பிள்ளை வாசிச்சதை என் போன்ல போடுடா. நான் கேட்டுட்டுப் போறேன்."

"போன்லயா! அக்கா, உனக்கு இதெல்லாம் புரியாது."

"எனக்குப் புரியாது சரி. உனக்குப் புரிஞ்சு என்ன கிழிச்ச? இன்னும் கேக்கவே இல்லையே!"

அவளுக்கு வேறொரு வயிற்றெரிச்சலும் இருந்தது. பிரிட்ஜின் மோட்டார் வீட்டு மின்சாரத்தை அழுக்காக்குகிறது என்று அகா தீர்ப்புச் சொல்லியிருந்தார். சோதனை நேரங்களில் பிரிட்ஜை அணைப்பார்கள். பிப்ரவரியில் ஒருமுறை திரும்பப் போட மறந்து, அவள் கொடுத்து வைத்திருந்த காஸி என்கிற குதிரைக்கறித் தொத்திறைச்சி முழுக்க ஊசிப்போயிற்று. "ஒரு குதிரை செத்ததுக்கு அர்த்தமே இல்லாமப் பண்ணிட்டியேடா," என்றாள்.

மார்ச் கடைசியில் ஷினார் கேட்பதை நிறுத்தினாள். வானிலை, அவன் முதுகுவலி, பிபிகுல் அத்தையின் ரத்த அழுத்தம் என்று பேசிவிட்டு வைத்துவிடுவாள். பிள்ளைக்குப் பொறுமை வந்துவிட்டது, நல்ல ஒலிக்கு அவசரம் ஆகாது என்று புரிந்துகொண்டாள் என அவன் பெருமைப்பட்டான். வட்டத்திலும் சொன்னான்.

மே மாதம், அக்தாவ் நகரத்தில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். எண்ணெய் முகாம்களுக்குப் போகிறவர்களுக்கு விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிற வேலை. கோடை விடுமுறைக்கு ஏதோ செய்கிறாள் என்று நினைத்தான்.

"நல்லதும்மா. கொஞ்ச நாள் காதுக்கு ஓய்வு."

"ஆமாப்பா," என்றாள்.

ஜூலையில் அமைப்பு முடிந்தது. அகா அளவு நாடாவோடு வந்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக முக்கோணம் பிடித்து, ஒலி திரண்டு நிற்கிற புள்ளியைக் கண்டுபிடித்தார். ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் இடம். ஒரு சாண் விலகினாலும் பாதிதான் கேட்கும். அந்தப் புள்ளி அறையின் உச்சியில், வாசலுக்கு எதிர்ச்சுவரோரம், அதாவது தோரில் விழுந்தது.

தோர் மூத்த விருந்தாளியின் இடம். அங்கே தானே போய் உட்கார்ந்துகொள்கிற வீட்டுக்காரனைப் பற்றி அல்மாத்தியில் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். ஒப்புதல் முத்திரை குத்த ஒரு ஞாயிறு மதியம் வட்டம் முழுவதும் வந்தது. மிர்ஸாபெக் அகா மூன்று முறை "வேண்டாம் வேண்டாம்" என்றார், அதுவும் முறைதான், பிறகு நாற்காலியில் அமர்ந்தார். மற்றவர்கள் வயதுப்படி இருபுறமும். ஒராஸ்பெக் வீட்டுக்காரன் என்பதால் வாசலோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில். ஏழு மாத உழைப்பின் முதல் கேட்பு அவனுக்கு அங்கிருந்துதான். பிபிகுல் தேநீர்ப் பாத்திரத்தோடு அடுப்படி வாசலில் நின்றாள். பிரிட்ஜ் அணைக்கப்பட்டது. முதலில் என்ன போடுவது என்று அகா கேட்டபோது, "மகளோடதைத்தான்," என்றான்.

கோபிஸ் தொடங்கியது.

"ஆகா," என்றார் அகா உடனே. "ஹால்ல இருக்கிற காத்து கேக்குது பாரு."

"பின்வரிசை நாற்காலி கிரீச்சிடுது," என்றார் வலேரி. "இடப்பக்கம்."

"இடமில்லை டாக்டர், நடு."

"அகா, நீங்க உக்காந்திருக்கிறது நடு. அதனால எல்லாமே உங்களுக்கு நடு."

வில் தந்தியில் உரசுகிற சத்தம் தனி, தந்தியின் சத்தம் தனி என்று ஒருவர் பிரித்துக் காட்டினார். கீழ்ச்சுருதி மெலிவு, டேக் இன்னும் சூடேற வேண்டும் என்றார் இன்னொருவர். ஒராஸ்பெக் எட்டிப் பார்த்தான், காதைச் சாய்த்தான். வாசலோரத்தில் வலது ஸ்பீக்கர் மட்டும்தான் வந்தது. நாற்பது நிமிடம் போயிற்று. கைதட்டல். "கைதட்டல்தான் சிஸ்டத்துக்குப் பரீட்சை," என்றார் அகா. எழுந்து முத்திரையை எடுக்கப் போனார்.

கைதட்டல் வெட்டுப்பட்டது. ஓர் இடைவெளி. பிறகு வெறும் மண்டபத்தில், மைக்குக்கு மிக அருகில், ஷினார்.

"அப்பா. எல்லாரும் போயிட்டாங்க. மைக் இன்னும் ஓடுது, அதனால சொல்லிடறேன். ஆர்கெஸ்ட்ராவுல மூணு வருஷத்துக்கு இடம் இருக்கு. மார்ச் இருபதுக்குள்ள கையெழுத்துப் போடணும். போடவான்னு எனக்குத் தெரியல. இங்க எல்லாரும் நல்லா இருக்குங்கறாங்க. போன்ல கேட்டா நீங்களும் மனசு நோகக் கூடாதுன்னு நல்லா இருக்குன்னுடுவீங்க. அதனாலதான் இப்படி. கேட்டுட்டு, இதுல ஏதோ இருக்குன்னு தோணிச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, போட்டுடறேன். இல்லைன்னா ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே புரிஞ்சுக்கறேன். நான் கஷ்டப்பட மாட்டேன், நிஜமா."

கோப்பு முடிந்தது.

மிர்ஸாபெக் அகா கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் கண்ணோரம் ஈரமாகத்தான் இருந்தது.

"உதடு பிரியற சத்தம்கூட வந்துச்சு," என்றார். "என்ன ஒரு தெளிவு! ஒராஸ்பெக், ஒப்புதல்."

முத்திரை விழுந்தது.

பிபிகுல் உள்ளே வந்தாள். எங்கள் பக்கம் விருந்தாளிக்குத் தேநீரைக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார்கள். இன்னும் கொஞ்சம் இருங்கள் என்று அர்த்தம். அவள் அகாவின் கிண்ணத்தை விளிம்பு தளும்ப நிரப்பினாள். அடுத்து வலேரிக்கு. அடுத்தவருக்கு. ஒரு சொட்டு மேசையில் விழவில்லை. அகா கிண்ணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கைத்தடியை எடுத்துக்கொண்டார். எழுபத்தொரு வயதில் அவரை யாரும் இப்படி எழுப்பியிருக்கமாட்டார்கள். ஆறு நிமிடத்தில் வாசலில் வீட்டாரின் செருப்புகள் மட்டும் மிஞ்சின.

"கூப்பிடு," என்றாள் பிபிகுல். வேறெதுவும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஷினார் இரண்டாவது மணியில் எடுத்தாள். பின்னால் விமான நிலைய அறிவிப்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஷினார்… இப்பதான் கேட்டேன்மா. கடைசி வரைக்கும்."

"ஓ. இப்பத்தானா?"

"நான் பதில் சொல்லலைன்னு நீ… அது பதில் இல்லம்மா. நான் கேக்கவே இல்ல. சத்தியமா கேக்கல."

"பரவாயில்லப்பா. கோபிஸை டீச்சர்கிட்டயே குடுத்துட்டேன். அந்த இடத்துக்கு வேற பொண்ணு வந்துட்டா, நல்லா வாசிப்பா." பக்கத்தில் யாருக்கோ, "ரெண்டு நிமிஷம்," என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "சரி, இப்ப கேட்டீங்கல்ல. எப்படி இருந்துச்சு?"

ஒராஸ்பெக் வாயைத் திறந்தான். ஹாலின் காற்று நினைவு வந்தது. கிரீச்சிட்ட நாற்காலி, வில்லின் உரசல், மெலிந்த கீழ்ச்சுருதி எல்லாம் வந்தன. அவள் என்ன வாசித்தாள் என்பது வரவில்லை. ஒரு வரி, ஒரு திருப்பம், ஒரு பொய்யான இடம்கூட.

"ரொம்ப… சுத்தமா இருந்துச்சும்மா."

"சுத்தமா," என்றாள் ஷினார்.

"இரு, தனியா உக்காந்து ஒரு தடவை கேட்டுட்டு உனக்கு…"

"சரிப்பா," என்றாள். ஞாயிறுதோறும் சொன்ன அதே சரிப்பாதான். யாருக்கோ டிக்கெட் போட வேண்டியிருந்தது, வைத்துவிட்டாள்.

பிபிகுல் கிண்ணங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு மாடியேறிப் போனாள். கதவைக்கூடச் சாத்தவில்லை. ஒராஸ்பெக் முதன்முறையாக நடு நாற்காலியில் உட்கார்ந்தான். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பதிவை முதலிலிருந்து போட்டான். கண்ணை மூடிக்கொண்டான். அடுப்படியில் நின்று கேட்பதுபோல் கேட்க வேண்டும், வேறெதையும் காதில் வாங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான். முதல் வரி வந்தது. எங்கிருந்தோ ஏறி, தயங்கி, திரும்பவும் ஏறியது. அந்த ஏற்றத்தில் ஏதோ இருப்பதுபோல்கூடத் தோன்றியது.

இரண்டாவது நிமிடத்தில் வலது பக்க ஒலி சற்று முன்னால் துருத்திக்கொண்டு நின்றது.

இல்லை என்று தலையை உலுக்கினான். துருத்திக்கொண்டுதான் நின்றது. அதன்பின் அதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மூன்றாவது நிமிடம், நான்காவது நிமிடம். முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டு எழுந்தான். வலது ஸ்பீக்கரை ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளினான். நாற்காலிக்குத் திரும்பி, மறுபடி முதலிலிருந்து போட்டான்.