மொட்டக்கரட்டூரில் பூ விழுந்த தேர்தல்

தேசத்துக்குச் சுதந்திரம் வந்து நடந்த முதல் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்ட அன்றைக்குச் சாயங்காலம், மொட்டக்கரட்டூர் பொன்னாயியின் வலது தோளில் ஒரு செவ்வரளிப் பூ விழுந்தது. அப்போது அவள் ஊர்த்தலைவரான கொத்துக்காரர் வீட்டுக் கட்டுத்தரையில் மாடுகளுக்கு நடுவே சாணி வழித்துக்கொண்டிருந்தாள். மேலே மரமில்லை, கூரையில்லை, காக்கை குருவி கூட இல்லை, வெறும் வானம்தான். பூ அப்போதுதான் மலர்ந்ததுபோல் இருந்தது. காம்பில் நகம் பட்ட தடமில்லை, கிள்ளினால் வரும் பால் இல்லை; செடியே மனமுவந்து கைவிட்டதுபோல் முழுசாக இருந்தது. ஊரில் செவ்வரளி இருந்தது ஒரே இடத்தில், மாரியம்மன் கோயில் மதிலுக்குள், பூசாரி பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிற நந்தவனத்தில். பொன்னாயி பூவைப் பார்த்தாள், சுற்றுமுற்றும் பார்த்தாள், சாணிக்கூடைக்குள் போட்டு மேலே ரெண்டு கை சாணியை அப்பினாள். அவளுக்கு அப்போது ஆறு மாதம். வயிற்றுப் பிள்ளை ஒரு தரம் புரண்டுவிட்டு அன்று முழுக்க அசையாமல் கிடந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறாள்.

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. இந்தப் பக்கத்தில் பூவாக்குக் கேட்காமல் ஒரு காரியமும் நடக்காது. பெண் எடுக்க, கிணறு வெட்ட, கோயில் நோம்பி சாட்ட, எல்லாவற்றுக்கும் வெள்ளரளியை ஒரு பொட்டலமாகவும் செவ்வரளியை ஒரு பொட்டலமாகவும் இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூவே வாக்கு, மறுபேச்சில்லை. தேர்தல் வந்தபோது நிற்கிற ஆளுக்கொரு பெட்டி வைப்பார்கள், பெட்டிமேல் படம் ஒட்டியிருப்பார்கள், பிடித்த படத்துக்காரன் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும் என்று தமுக்கடித்துச் சொன்னார்கள். பிடித்த என்றால் யாருக்குப் பிடித்த என்பது யாருக்கும் விளங்கவில்லை. சுற்று வட்டாரத்தில் இந்த ஊர் இந்தப் பெட்டி, அந்த ஊர் அந்தப் பெட்டி என்று ஊர் ஊராக முடிவாகிக்கொண்டிருந்தது. மொட்டக்கரட்டூரில் பேச்சு அடிபட்டது ஏணிக்கும் குடைக்கும்தான். கோயிலில் முதல் மரியாதையும் ஊருக்குள் கடைசிப் பேச்சும் கொத்துக்காரர் வேலுமணியுடையவை. அவர் ஏணிக்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆனாலும் முறை முறைதானே. வெள்ளை வந்தால் ஏணி, சிவப்பு வந்தால் குடை என்று அம்மனிடம் கேட்டார். வெள்ளை வந்தது. ஊரே வரிசையாக நின்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தது. சத்தியம் தப்பினால் ஊர்விலக்கு. பொதுக்கிணற்றில் தண்ணீர் கிடையாது, அக்கம்பக்கத்தில் நெருப்பு வாங்க முடியாது, பேறுகாலத்துக்கு மருத்துவச்சி வாசல் மிதிக்க மாட்டாள். முன்பு ஒரு தலைமுறையில் அப்படி விலக்கிய குடும்பம் ஒன்று கட்டை வண்டியில் கிழக்கே போனது. அயோத்தியாப்பட்டணம் தாண்டும் வரைக்கும் பார்த்தவர்கள் உண்டு, அதற்கப்பால் பார்த்தவர்கள் இல்லை.

பொன்னாயியும் கற்பூரத்தில் கை வைத்தவள்தான். வேண்டுமென்று எதையும் செய்கிற ஆளும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த சாவடிக்குள் நுழைந்ததும் சேலத்திலிருந்து வந்த அதிகாரி புருஷன் பேரைக் கேட்டார். புருஷன் பேரை வாயால் சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. திருச்செங்கோட்டு மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். பின்னால் நின்ற பாவாயிதான், "செங்கோடனுங்க சாமி, அவ சொல்லமாட்டா" என்று எடுத்துக் கொடுத்தாள். விரலில் மை வைத்தார்கள், சீட்டைக் கொடுத்தார்கள், சாக்குப் படுதாவுக்குப் பின்னால் போகச் சொன்னார்கள். படுதாவுக்குப் பின்னால் யாருமே இல்லை. அவள் பிறந்த நாளிலிருந்து அப்படி ஓர் இடத்தில் நின்றதில்லை. ஆத்தா பார்க்க வளர்ந்தாள், மாமியார் பார்க்கச் சமைத்தாள், கொத்துக்காரர் பார்க்கக் களை வெட்டினாள். ஏணிப் படம் ஒரு பெட்டியில் இருந்தது, குடைப் படம் ஒரு பெட்டியில் இருந்தது. மொட்டக்கரட்டூரில் குடை வைத்திருந்தவர் கொத்துக்காரர் ஒருவர்தான். வெயிலில் குனிந்து நிமிர்கிற ஒவ்வொரு நாளும் வரப்பில் அந்தக் கறுப்புக் குடை நகர்வதைப் பார்த்திருக்கிறாள். குடை அவளுக்குப் பிடித்திருந்தது. கை தானாகப் போய்ச் சீட்டைப் போட்டது. வெளியே வந்த பிறகுதான் கற்பூரச் சத்தியம் நினைவுக்கு வந்தது.

முதல் பூ விழுந்த மறுநாள் ரெண்டு விழுந்தன. அதற்கு மறுநாளிலிருந்து வேளை கெட்ட வேளையிலெல்லாம் விழுந்தன. தண்ணீர் சேந்தும்போது, சோளம் இடிக்கும்போது, தலைவாரும்போது, எப்போதும் வலது தோளில்தான். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியே நடந்தாள். விழுந்ததை மடியில் கட்டி வந்து அடுப்பில் போட்டால் புகை கண்ணைக் கரித்தது. குழி தோண்டிப் புதைத்தால் கோழி கிளறியது. இன்னொரு கூத்தும் நடந்தது. புருஷன் செங்கோடன் தேர்தலிலிருந்து தலைப்பாகையைக் கழற்றவே இல்லை. சாப்பிடும்போதும் தலைப்பாகை, படுக்கும்போதும் தலைப்பாகை. முகம் கொடுத்துப் பேசாமல் களத்துமேட்டிலேயே போய்ப் படுத்துக்கொண்டான். அவனுக்குத் தெரிந்துவிட்டது, சத்தியம் தப்பினவள் பக்கத்தில் படுக்கப் பிடிக்கவில்லை என்று பொன்னாயி நினைத்தாள். பயம் ஒரு பக்கம், இந்த வருத்தம் ஒரு பக்கம்.

இப்படியே மூடி மறைத்து ஓட்டியிருப்பாள், கன்றுக்குட்டி சாகாமல் இருந்திருந்தால். கட்டுத்தரையில் அவள் கவனிக்காத நேரம் விழுந்த பூ ஒன்றைக் கொத்துக்காரரின் காரிப் பசு ஈன்ற கன்று தின்றுவிட்டது. அரளி விஷம், நுரை தள்ளிப் பொழுது சாய்வதற்குள் செத்தது. கொத்துக்காரர் அதன் வாயைப் பிரித்து, நாக்கில் ஒட்டியிருந்த சிவப்பு இதழை எடுத்து உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பூசாரியைக் கூப்பிட்டுக் கேட்டார். நந்தவனம் பூட்டியபடியே இருக்கிறது, ஒரு பூ குறையவில்லை என்றான். கொத்துக்காரர் முட்டாள் இல்லை. எந்தப் பூவை அம்மன் வேண்டாம் என்றாளோ அந்தப் பூ சத்தியம் தப்பினவர் மேல்தான் விழும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஊர் மொத்தமும் கோயிலில் கூட வேண்டும், கற்பூரத்தின் முன் ஒவ்வொருத்தராக வந்து நிற்க வேண்டும், யார் மேல் சிவப்பு விழுகிறதோ அந்தக் குடும்பம் அன்றைக்கே வெளியேற வேண்டும் என்று தமுக்கு அடித்தார்கள்.

பொன்னாயி களத்துமேட்டுக்குப் போனாள். "ஏனுங்க, நாம பனமரத்துப்பட்டிக்குப் போயிரலாமுங்களா? எங்கம்மா ஊட்டுல இருந்துக்கலாமுங்க."

செங்கோடன் தலைப்பாகையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்பப் போனா நாமதான்னு ஆயிரும் புள்ள" என்றான்.

"இருந்தாலும் ஆயிருமுங்களே."

அவன் எழுந்தான். வைக்கோலை இழுத்துப் போட்டு அவளுக்கு உட்கார இடம் பண்ணிக் கொடுத்தான். இருவரும் இருட்டும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்கள்.

வெள்ளிக்கிழமை ஊரே கோயில் வாசலில் கூடியது. கொத்துக்காரர் குடையை மடக்கித் தூணில் சாய்த்துவிட்டுக் கற்பூரத்தை ஏற்றச் சொன்னார். முதலில் யார் வருவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தன் முறை வரும் வரைக்கும் நின்றால் அங்கேயே பிள்ளை நழுவிவிடும் என்று பொன்னாயிக்குத் தோன்றியது. பயத்தில் ஓடுகிறவர்கள் உண்டு, பயம் தாங்காமல் முன்னால் போய் நிற்கிறவர்களும் உண்டு. அவள் முன்னால் போனாள். "நாந்தானுங்க சாமி. கன்னுக்குட்டி செத்ததும் என்னாலதானுங்க" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, எல்லோரும் பார்க்க அவள் வலது தோளில் ஒரு செவ்வரளி விழுந்தது.

கொத்துக்காரர், "செங்கோடா, உன்ற பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுக் கெளம்பு" என்றார். குரலில் கோபம் கூட இல்லை, வரப்புத் தகராறைத் தீர்த்து வைக்கிறவர் குரல்தான். செங்கோடன் கூட்டத்திலிருந்து வந்தான். பெண்சாதி பக்கத்தில் நின்றான். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து உதறினான். அதற்குள்ளிருந்து வாடினதும் வாடாததுமாகச் செவ்வரளிகள் கொட்டின. மயிரிலெல்லாம் இதழ் ஒட்டியிருந்தது. பொன்னாயி அவனைப் பார்த்தாள். இத்தனை நாள் அவன் களத்துமேட்டில் படுத்தது எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. அழுகை வந்தது, ஊர் நடுவே நின்று அழுதாள். அடுத்தாற்போல் பாவாயி முந்தானையை அவிழ்த்தாள். பூசாரி இடுப்புத் துண்டை அவிழ்த்தான். கொத்துக்காரரின் மனைவி வள்ளியாத்தாள், வாசற்படி தாண்டி நாலு பேர் பார்த்தறியாத மனுஷி, கொசுவத்தைத் தளர்த்தி ஒரு மடிப் பூவைத் தரையில் விட்டாள். அதற்குமேல் யாரும் எதையும் அவிழ்க்கத் தேவைப்படவில்லை. மேலேயிருந்து எல்லார் தோளிலும் விழுந்தது. கோயில் வாசல் கணுக்கால் மட்டும் சிவந்தது.

ஒருவர் மேல் மட்டும் விழவில்லை. அம்மன் சொன்னபடியே ஏணிக்குப் போட்ட ஒரே ஆள் கொத்துக்காரர் வேலுமணி. ஊர் மொத்தமும் மெதுவாகத் திரும்பி, வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டுச் சிவப்பில்லாமல் நின்ற அவரைப் பார்த்தது. அவர் கை தூணில் சாய்ந்திருந்த குடையைத் தேடித் துழாவியது. பொன்னாயி அவர் கண்ணைப் பார்த்தாள். இத்தனை நாளாகத் தன் வயிற்றுக்குள் கிடந்த பயம் எழுந்து போய் அங்கே உட்கார்ந்திருந்தது. கடைசியில் அவர், "பூசைக்கு நேரமாச்சு" என்றார். பூசாரி மணியடித்தான்.

சில நாள் கழித்து ஓட்டு எண்ணியபோது மொட்டக்கரட்டூர் ஏணிப் பெட்டியில் ஒரே ஒரு சீட்டுத்தான் கிடந்ததாகச் சேதி வந்தது. அது யாருடையது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. ஊர்விலக்கைப் பற்றிப் பேச்சே எழவில்லை. பொன்னாயிக்கு மருத்துவச்சி வந்தாள், ஆண்பிள்ளை பிறந்தது, குருமூர்த்தி என்று பேர் வைத்தார்கள். கொத்துக்காரர் அந்த வருஷமே தோட்டத்து வேலி நெடுகச் செவ்வரளி நட்டார். அழகுக்கு என்று சொன்னார். அடுத்த தேர்தல் நடந்த அன்று சாயங்காலம் கட்டுத்தரையிலிருந்து பொன்னாயி பார்த்தாள்: அவர் வேலி ஓரமாய்க் குனிந்து ஒரு பூவைக் கிள்ளினார், வேட்டியில் பாலைத் துடைத்தார், பூவைத் தோள்துண்டில் வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதவர்போல் ஊருக்குள் நடந்தார். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவர் சாகும் வரைக்கும் அப்படித்தான் நடந்தார்.

பிறகு எத்தனையோ தேர்தல் வந்துபோயிற்று. பெட்டி போய் இயந்திரம் வந்தது, சேலம் ஜில்லாவிலிருந்து பிரித்து நாமக்கல் மாவட்டம் என்றார்கள், சோளக்காடெல்லாம் கோழிப்பண்ணை ஆயிற்று, செங்கோடன் போய்ச் சேர்ந்தான். தேர்தலுக்குத் தேர்தல் மொட்டக்கரட்டூரில் பூவாக்குக் கேட்கிறார்கள், கற்பூரம் அடிக்கிறார்கள், பிறகு போய் அவரவர் மனசில் இருப்பதற்கு அழுத்திவிட்டு வருகிறார்கள். சாயங்காலம் பூ விழுகிறது. அன்றைக்குப் பண்ணைக்காரர்கள் முட்டைக்கோழி கொத்திவிடாமல் வலையை இறக்கிக் கட்டுகிறார்கள். பஞ்சாயத்துக் குப்பை வண்டி ஒரு நடை அதிகம் வருகிறது. வெளியூர் அதிகாரிகள் ஏதோ கோயில் விசேஷம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன தேர்தலில் பொன்னாயிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. மருமகள் சித்ரா சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். அட்டை மறைப்புக்குப் பின்னால் வழக்கம்போல யாரும் இல்லை. அந்த முறை அம்மன் சொன்னதும் பொன்னாயியின் மனசில் இருந்ததும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. அவளுக்குப் பிடித்ததை அவள் அழுத்தினாள், அவ்வளவுதான். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டில் விழுந்தது, மேல்வீட்டில் விழுந்தது, சித்ரா தோளில் விழுந்தது. பொழுது இறங்க இறங்க அவள் தோள் வெறுமையாகவே இருந்தது. அடிவயிற்றில், அன்றைக்குப் பிள்ளை அசையாமல் கிடந்த அதே இடத்தில், பழைய பயம் வந்து உட்கார்ந்தது. ஊரெல்லாம் ஒரு பக்கம், தான் மட்டும் ஒரு பக்கம். சித்ரா உள்ளே போன நேரம் பார்த்துக் கைத்தடியை ஊன்றி எழுந்து, கொத்துக்காரர் நட்ட வேலி வரைக்கும் போய், ஒரு செவ்வரளியைக் கிள்ளி வலது தோளில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள்.

பக்கத்து வீட்டு மஞ்சுளா வந்தாள். "ஏனுங்க ஆத்தா, பூ உழுந்துருச்சுங்களா?"

"உழுந்துருச்சு சாமி. உனக்கு?"

"எனக்கு அப்பவே உழுந்துருச்சுங்க" என்று மஞ்சுளா தோளைத் திருப்பிக் காட்டினாள். பொன்னாயிக்குக் கண் இன்னும் மங்கவில்லை. மஞ்சுளாவின் பூக்காம்பில் நகத்தடம் இருந்தது. பால் இன்னும் காயவில்லை. மஞ்சுளாவும் கிழவியின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னாயி நகர்ந்து அவளுக்கு உட்கார இடம் கொடுத்தாள். இருட்டும் வரை இருவரும் முட்டை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.