கொம்பில்லாத மான்

நாமக்கல் லாரிப் பட்டறையில் கயல்விழி தூரிகையைத் துடைத்து வைத்தபோது, காளியப்பன் தம் புது லாரியின் பின்கதவு முன் கைகட்டி நின்றிருந்தார். கதவின் இடப்பக்கம் முயலளவே வளரும் சருகுமான், வலப்பக்கம் மரத்தவளை. இரு பக்கமும் ஒரே உருவம் எதிரெதிராக நோக்குவதே பட்டறை வழக்கம். அட்டையில் ஓர் அச்சை வெட்டித் திருப்பிப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால், வால்பாறைக்குத் தேயிலை ஏற்றப் போன ஒரு மழைநாளில் சாலையைக் கடந்த சருகுமானுக்காக வண்டியை நிறுத்தியபோது கண்ணாடியில் ஒரு மரத்தவளை வந்து ஒட்டியதைக் காளியப்பனால் மறக்க முடியவில்லை. இரண்டையும் அவரே கேட்டிருந்தார்.

ஐந்து ஆண்டுகளாகப் பிறர் வரைந்த உருவங்களுக்கு நிறம் நிரப்பியவள் கயல்விழி. தானே வரைந்தது இதுவே முதல். காளியப்பன் ஏற்றால் படத்தின் கீழே அவள் பெயர். மறுத்தால் அதன்மேல் வெள்ளை அடித்து இரண்டு மயில்களை வரைந்துவிடுவதாகப் பட்டறை உரிமையாளர் கலையரசன் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"ஏனம்மிணி, ரெண்டும் ஒரே ஒசரமா? இந்தத் தவளை மானையே முழுங்கிப்போடுமாட்ட இருக்குதே," என்றார் காளியப்பன்.

பட்டறை சிரித்தது. அவள் தலை குனியவில்லை.

"அளவு பார்த்துப் போடலீங்கண்ணா. ஒண்ணு இலையாட்ட இருந்து தப்பிக்குது, ஒண்ணு சருகாட்ட இருந்து தப்பிக்குது. ரெண்டுக்கும் பொழப்பு ஒண்ணுதானுங்க. அதான் சமமாப் போட்டேன்."

காளியப்பன் நெருங்கி வந்தார். தவளையின் விரல்நுனி வட்டங்களையும், மானின் விலாவில் வரிவரியாக ஓடிய வெண்புள்ளிகளையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு அவர் விரல் மானின் தலையில் நின்றது.

"இந்தக் கொம்பு எங்கிருந்து வந்துச்சு? நான் பார்த்ததுக்குக் கொம்பு இல்லியே."

அவளுக்கு முகம் சுட்டது. நான்கு மாலைகள் கைபேசியில் பார்த்த எந்தப் படத்திலும் கொம்பில்லை. அவள் இதுவரை நிறம் நிரப்பிய மான்கள் அனைத்துக்கும் இருந்தது. கை தன் பழக்கத்தில் முளைக்க வைத்துவிட்டது. கலையரசன் வெள்ளை டப்பாவைத் திறந்தார்.

அவள் தின்னரில் துணியை நனைத்து, ஈரம் காயாத கொம்புகளை அடிப்பூச்சு கலையாமல் துடைத்தெடுத்தாள். காதுகளை மட்டும் மெல்லிய தூரிகையால் மீண்டும் வரைந்தாள். மான் சிறுத்தது; தவளைக்கு இன்னும் நெருங்கிய உறவாயிற்று.

"கொம்பு என் தப்புங்க. தவளையில தப்பில்லீங்க."

காளியப்பன் கலையரசனிடம் திரும்பினார். "டப்பாவை மூடுங்க. அம்மிணி பேரைப் பெருசா எழுதட்டும்."

மறுநாள் லாரி சேலம் சாலையில் ஏறியபோது அவள் பட்டறை வாசலில் நின்று பார்த்தாள். புழுதியில் முதலில் மான் மறைந்தது. சாலையோரப் புளியமரங்களின் பச்சையில் தவளையும் கரைந்தது. சிவப்பில் எழுதிய பெயர் மட்டும் இன்னும் சற்றுத் தொலைவு தெரிந்துகொண்டே போயிற்று.